பெயருக்கு ஆள் வர வேண்டும்

டொமைன் பெயரை விற்க எவ்வளவு நாள் ஆகும் என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். விலை படிந்துவிட்டால் கைமாற்றச் சில நாட்கள் போதும். பணம் நடுவராக இருக்கும் நிறுவனத்திடம் போய்ச் சேரும், பெயர் வாங்கியவர் கணக்குக்கு மாறும், அதன்பின் பணம் விற்றவருக்கு வரும். ஆனால் அந்த வாங்குபவர் எப்போது வருவார் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மனை என்றால் அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போனது என்று விசாரிக்கலாம், நாலு பேர் வந்து பார்ப்பார்கள். ஒரு டொமைன் பெயரோ உலகத்தில் இரண்டு மூன்று பேருக்குத்தான் உண்மையில் தேவைப்படும். அவர்கள் இன்னும் தொழிலே தொடங்காமல் இருக்கலாம்.

டெஸ்லா.காம் அப்படித்தான். அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் அதை 1992-லேயே பதிவு செய்துவிட்டார். டெஸ்லா கார் நிறுவனம் தொடங்கியது 2003-ல். அது பல ஆண்டுகள் டெஸ்லாமோட்டார்ஸ்.காம் என்ற பெயரிலேயே காலம் தள்ளி, 2016-ல்தான் அந்தச் சின்னப் பெயரை அடைந்தது. பத்தாண்டுக்கு மேல் ஆனது, 1.1 கோடி டாலர் செலவானது என்று ஈலான் மஸ்க் பின்னாளில் சொன்னார். சாட்.காம் இதற்கு நேர்மாறு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் அந்தப் பழைய பெயரின் மதிப்பு எங்கோ போய்விட்டது. ஹப்ஸ்பாட் நிறுவனர்களில் ஒருவரான தர்மேஷ் ஷா 2023-ல் அதை 1.55 கோடி டாலருக்கு வாங்கி, சில மாதங்களிலேயே விற்றுவிட்டார். இப்போது அது ஓபன்ஏஐ கையில் இருக்கிறது.

இத்தகைய கதைகளைக் காட்டித்தான் நம் பிள்ளைகளை நூறு பெயர் வாங்கச் சொல்கிறார்கள். அது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பெயருக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும், நூறு பெயருக்கு லட்ச ரூபாய். இந்தத் தொழிலில் ஊறியவர்கள் சொல்லும் கணக்குப்படி, நூறில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விற்றாலே பெரிது. மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒன்றிரண்டுதான் சம்பாதித்துத் தர வேண்டும். வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையன் இந்தச் செலவை எத்தனை வருடம் தாங்குவான்?

பிரபல நிறுவனத்தின் பெயரைப் பிடித்துவைத்தால் சீக்கிரம் விற்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆசை இருந்தால் ஐந்தாறு பெயர் போதும். இன்ன தொழில் செய்பவருக்கு இது பயன்படும் என்று சொல்ல முடிகிற பெயராக இருக்கட்டும். அந்த முகவரிக்குப் போகிறவருக்கு, பெயர் விற்பனைக்கு என்ற தகவலும் உங்களைத் தொடர்புகொள்ளும் வழியும் கண்ணில் பட வேண்டும். புதுப்பிக்கும் தேதி வரும்போதெல்லாம், இதை இன்று புதிதாக வாங்குவேனா என்று யோசியுங்கள். மாட்டேன் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். கெடு தாண்டிச் சில வாரங்களில் அது மறுபடி பொதுவுக்கு வரும். கடை வைக்கப்போகும் யாரோ ஒருவர் சாதாரணக் கட்டணத்தில் அதை எடுத்துக்கொள்ளட்டும்.