ஒரே ஜாக்கெட், ஒரே வேகம்: பைக் கிளப்போடு போவதா, தனியாகப் போவதா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பத்து, இருபது பைக்குகள் வரிசையாக மாமல்லபுரம் பக்கம் போவதைப் பார்க்கலாம். எல்லாரும் கறுப்பு ஜாக்கெட், அதன் மேல் கிளப் பேட்ச் தைத்த கையில்லாத கோட். ‘ஏன்பா, இவ்வளவு காசு போட்டு பைக் வாங்கினே?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘சுதந்திரம்ணே’ என்றுதான் பதில் வரும். சுதந்திரத்துக்கு எதற்குச் சீருடை?

இந்தத் தோற்றம் அமெரிக்காவில் உருவானது. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிறு ஊரில் பைக் பந்தய விழா நடந்தது. அங்கு நடந்த குடியும் கூத்தும் ‘லைஃப்’ இதழில் படமாக வந்து நாட்டையே அதிரவைத்தன. அதன் தாக்கத்தில் 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ வெளியானது. தோல் ஜாக்கெட் அடங்காதவனின் அடையாளமாகிப் போனது.

‘பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் நல்லவர்கள்’ என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அப்போது சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னதற்குப் பதிவே இல்லை என்கிறது சங்கம். ஆனால் ‘மீதி ஒரு சதவீதம் நாங்கதான்’ என்று ‘1%’ பேட்ச் குத்திக்கொண்ட கிளப்புகள் நிஜம். 1948-ல் தொடங்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் அவற்றில் பெயர்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், ஊர் விதி எதுவும் வேண்டாம் என்றவர்களின் கிளப்புக்குள் விதிகள் ஏராளம். புதிதாக வருபவர் மாதக்கணக்கில் எடுபிடி வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு ஓட்டுப்போட்டால்தான் முழு பேட்ச் கிடைக்கும். யார் முன்னால், யார் பின்னால் என்பதுகூடப் பதவிப்படிதான்.

அந்த பேட்ச்சை அரசுகளும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம், தடைசெய்யப்பட்ட கிளப்புகளின் அடையாளங்களை மதுக்கூடங்களில் அணிய 2013-ல் தடை போட்டது. 2016-ல் அதைப் பொது இடங்கள் அனைத்துக்கும் நீட்டித்தது.

நம்மூர் கிளப்புகள் அந்த ரகம் இல்லை. ரத்ததான முகாம், ஹெல்மெட் விழிப்புணர்வு ஊர்வலம் என்று போகிறவர்கள்தான் அதிகம். வந்தது தோற்றமும் பதவிப் பெயர்களும்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று சுதந்திரத்தின் சின்னமாக விற்கப்படும் புல்லட், 1950-களில் ராணுவத்தின் தேவைக்காக இந்தியா வந்த வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்த பிறகுதான் சென்னையில் அதன் தயாரிப்பு வேரூன்றியது. சீருடை அதற்குப் புதிதல்ல!

உடை ஒன்றாக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஆகும்போதுதான் சிக்கல்.

இருபது பைக் போகிறது என்று வையுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகரும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்பது பாதுகாப்புக் கணக்கு. ஒற்றை வரிசையில் போனால் இருபது பைக்கும் சேர்ந்து 800 மீட்டருக்கு மேல் நீளும். இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போனால் அதில் பாதி. இப்போது முதல் ஆள் 80-லிருந்து 70-க்குக் குறைக்கிறார். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைச் சற்றுத் தாமதமாகக் கவனித்து, சற்று அதிகமாக பிரேக் பிடிப்பார்கள். கடைசி ஆள் 50-க்கு வந்துவிடலாம். கூட்டத்தைப் பிடிக்க அவர் 100-ல் விரட்ட வேண்டும். பெரும்பாலும் புதியவர்தான் பின்னால் மாட்டுவார். அதாவது, அனுபவம் குறைந்தவர் ஓட்ட வேண்டிய வேகம்தான் அதிகம். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் இது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ‘மெதுவா போறேன்’ என்று சொல்ல அவருக்குக் கூச்சம். கெத்து போய்விடுமே!

அதற்காகத் தனியாகப் போவது முழுப் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. சிக்னல் இல்லாத காட்டுச் சாலையில் பஞ்சர் ஆனாலோ, விழுந்து கால் உடைந்தாலோ, தூக்கிவிட ஆள் வேண்டும். ஆனால் களைத்தால் நிறுத்தலாம், மழை வந்தால் திரும்பலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

மூன்று, நான்கு பேராகப் போவது இரண்டுக்கும் நடுவழி என்று நினைக்கிறேன். பெரிய கிளப் என்றால் ஐந்து, ஆறு பேராகப் பிரிந்து, டீக்கடையில் சந்திக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்று, பின்னால் வருபவருக்கு வழிகாட்டும் முறை உண்டு. அதைப் பின்பற்றினால் யாரும் யாரையும் விரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

கிளப்பில் சேரப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘நான் பின்தங்கினால் எங்கே காத்திருப்பீங்க?’ இடத்தின் பெயரைச் சொன்னால் சேரலாம். ‘அதெல்லாம் பிடிச்சு வந்துடுவீங்க ப்ரோ’ என்றால், ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும் முன் யோசியுங்கள்.