ஆடுகளத்துப் பேய்

பந்தாட்டக் கதையில் பேய் புகுந்தால் படம் பாழாகும் என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே ஒரு சித்தாந்தம்போல் நிலைபெற்றுவிட்டது. குமரன் இயக்கத்தில் கதிர் நடித்து 2019 டிசம்பரில் வெளிவந்த ‘ஜடா’வைக் கண்டவர்களில் பலர், வடசென்னை இளைஞர்களின் கால்பந்தை மெச்சிவிட்டு, அணிக்கு எழுவர் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டத்தில் உயிரிழந்த சேது என்னும் வீரனின் நிழல் கதைக்குள் படர்ந்ததும் முகஞ்சுளித்து, ஒளியும் ஆரோக்கியமும் நிறைந்த விளையாட்டில் பிரேத பயத்துக்கு என்ன வேலை என்று வினவினர்.

நெய்வேலிவாசிகளாகிய எங்களுக்கு இந்த வாதம் புதிதன்று. பழுப்பு நிலக்கரியை எரித்து 1962 முதல் மின்சாரம் வழங்கிவரும் ஊரில், வெளிச்சம் வந்த இடத்தில் பேய் நில்லாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருப்பது இயல்பே. ஆயினும் 2020ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல் மின் நிலையத்துக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் மாண்டபோது, அந்த வெளிச்சத்துக்கு மனித உடல் கொடுக்கும் விலை பிரத்தியட்சமாயிற்று.

ஆடுகளத்தின் வெளிச்சமும் அத்தகையதே. 2003 ஜூன் 26 அன்று லியோன் நகரில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே சாய்ந்து இறந்தார். மூன்றாம் நாளே அந்த ஆட்டம் இடம்பெற்ற தொடரின் இறுதியாட்டம் நடந்தது. 2004 டிசம்பரில் பெங்களூரில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் தமது இரண்டாவது கோலை அடித்த வேகத்தில் கோல்கீப்பருடன் மோதி உயிர்நீத்தார். கோப்பை வெற்றியாளர் கைக்குச் சென்றது. 2022 நவம்பரில் சென்னைக் கல்லூரி மாணவியான கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். எந்தச் சாவும் ஆட்டத்தை நெடுநேரம் நிறுத்துவதில்லை.

அந்த நிறுத்தத்தைக் கோருவதற்கே கதையில் பேய் வருகிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனையும் கழுவேற்றப்பட்ட காத்தவராயனையும் தெய்வமாக்கிப் படையலிட்ட ஜனங்கள், அநியாயமாகப் போன உயிர் நியாயம் பெறும்வரை அடங்காது என்ற தர்மத்தையே அவ்வழிபாட்டில் காத்துவந்தனர். அவர்களுடைய சந்ததியார் பந்தாட்டப் படத்தில் ஆவியைக் கண்டு அந்நியம் என்று ஒதுக்குவது விபரீதம். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைக் களமாகக் கொண்டு ஜஸ்டின் டிப்பிங் இயக்கிய ‘ஹிம்’ 2025இல் வெளிவந்தது. தலையில் அடிபட்ட இளம் வீரன் ஒருவன் புகழுக்காகத் தன் உடலை ஒப்படைப்பதையே அது பயங்கரமாக்கிக் காட்டுகிறது. விளையாட்டுக்கும் திகிலுக்கும் உறவுண்டு என்பதை அந்நாட்டுக் கலைஞர்களும் உணர்ந்திருக்கின்றனர்.

‘ஜடா’வில் குறையே இல்லை என்பது என் வாதமன்று. முற்பாதியில் பந்தையும் பிற்பாதியில் பேயையும் தனித்தனியே வைத்ததே அதன் குறை. ஒவ்வோர் உதையிலும் அச்சம் கருக்கொண்டு வளர்ந்திருந்தால், ஆவி வரும்போது எவரும் அதை அந்நியமென்று கருதியிரார். ஆகவே, பேயை நீக்குங்கள் என்று நம் இயக்குநர்களுக்கு உபதேசிப்பது தவறு. அதை ஆட்டத்தின் முதல் விசிலிலிருந்தே களத்தில் இறக்குங்கள் என்று கேட்பதே ரசிகர் கடமை. ஏனெனில், வீரர்களின் சாவை மறந்துவிட்டு வெற்றியை மட்டும் கொண்டாடும் விளையாட்டுப் படம், எத்துணை ஆரோக்கியமாகத் தோன்றினும், பொய்யே சொல்கிறது.