வாலில் ஓர் எழுத்து

மெமரி விலையைத் திட்டித் தீர்ப்பதாகப் பத்திக்காரர் போன வாரமே வாக்குக் கொடுத்திருந்தார். காரணமும் இருந்தது. ஏ.ஐ. சர்வர்களே சிப்பையெல்லாம் விழுங்க, மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டையே சில்லறை வியாபாரத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆனால் சனிக்கிழமை மந்தைவெளியில் அக்கா வீட்டுக்குப் போனதில் மெமரி மறந்தேபோயிற்று.

அக்கா பையன் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான். பறக்கும் ரயிலில் போய்ச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, ஐ5-12400எஃப் ப்ராசஸர் வாங்கி வந்திருந்தான். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், சரக்கில் குறையில்லை. போர்டில் பொருத்தி, பேஸ்ட் தடவி, சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரில் மட்டும் அமாவாசை.

"போர்டு போயிடுச்சா மாமா?"

போகவில்லை. கடைசியில் இருக்கும் அந்த எஃப், படம் காட்டும் பகுதி இதற்குள் வேலை செய்யாது, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொள் என்கிறது. கடைக்காரரும் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை.

நம்மூரில் இனிஷியல் முன்னால் நிற்கும். ஆள் யார் வீட்டுப் பிள்ளை என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். ப்ராசஸருக்கு அது வாலில். அந்த வாலுக்கும் ஒரு நியாயம் கிடையாது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5600-க்குப் பின்னால் ஜி இல்லையென்றால் இருட்டு. அடுத்து வந்த 7600-க்கோ ஜி இல்லாமலே வெளிச்சம்.

பழைய வாசகர்களுக்கு 486 எஸ்எக்ஸ் கதை மனப்பாடம். இருந்தாலும் பத்திக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. 1991-இல் இன்டெல், 486 சிப்பின் கணக்குப் போடும் பகுதியை முடக்கிவைத்து, எஸ்எக்ஸ் என்று மலிவாக விற்றது. கணக்கு வேண்டுவோருக்கு 487 என்றொரு துணைச் சிப். அந்தத் துணை உண்மையில் ஒரு முழு 486. அதைச் செருகியதும், முதலில் வாங்கிய சிப் கைகட்டி உட்கார்ந்துவிடும். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம்!

மூடி ஒட்டிய டப்பாவை வாங்குகிறவனுக்கு உள்ளே எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று எப்படித் தெரியும்? இதே புகைச்சலோடு வீடு திரும்புகையில், மத்திய கைலாஷ் பிள்ளையாரைத் தாண்டி ஐ.ஐ.டி. வாசலருகே சிக்னலில் ஆட்டோ நின்றது.

அந்த மதிலுக்குள்தான் 'சக்தி' பிறந்தது. பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 2014 வாக்கில் தொடங்கிய ப்ராசஸர் திட்டம். பெர்க்லியில் 2010-இல் உருவாகத் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுப்புதான் அடித்தளம். வடிவமைப்பைப் பூட்டிவைக்கவில்லை, யாரும் பார்க்கலாம், மாற்றலாம். 2018-இல் ஒரு சிப் அமெரிக்காவின் ஓரிகானில் இருக்கும் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் உருவானது. அதே ஆண்டில் இன்னொன்று சண்டிகரை ஒட்டிய மொகாலியின் அரசு ஆலையில், 180 நானோமீட்டரில். 2020-இல் வந்ததற்குப் பெயர் 'மௌஷிக்'. பிள்ளையாரைத் தாண்டிப் போனால் மூஞ்சூறு இருப்பது பொருத்தம்தான்.

ஆனால் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்காது. 180 நானோமீட்டர் என்பது 1999-இன் பென்டியம் த்ரீ காலத்து அளவு. மௌஷிக் ஸ்மார்ட் கார்டு, சென்சார் போன்ற சின்ன வேலைகளுக்கானது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து அறிவித்த 'ஐரிஸ்' விண்வெளிக் கருவிகளுக்கானது. மருமகனின் கேம் எதிலும் ஓடாது. வடிவமைப்பு அடையாற்றங்கரையில் திறந்து கிடக்கிறது. அதை நுணுக்கமாக வார்க்கும் ஆலைதான் ஊரில் இல்லை.

இரவு பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு போட்டோ. எதிர்வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரில் வெளிச்சம். சக்தி பற்றிப் பத்திக்காரர் நாலு பாராவுக்குப் பதில் அனுப்பினார். திரும்பி வந்தது ஒரே கேள்வி: "அதுக்கும் வால் உண்டா மாமா?"

தேடிப் பார்த்தார். உண்டு. ஈ, சி, ஐ, எம், எஸ், ஹெச்.