செம்புக்கும் கணக்கு வேண்டும்

"மிதமான சூட்டிலேயே பாலிமர் செய்கிறார்கள், பார்த்தீர்களா!" என்று மெச்சுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அதில் போட்ட உலோகம் எங்கே போயிற்று?

புதுச்சேரியில் எங்களுக்கு பிரெஞ்சில் ரசாயனம் நடத்திய ஆசிரியர், 'கத்தலிசேர்' (நம் வினையூக்கிதான்) செலவாகாது என்பார். சரி. செலவாகாதது மறைந்தும் போகாதே! ஆபீஸ் கோப்பும் செலவாவதில்லை. ஆனாலும் ரிக்கார்டு அறைக்குத் திரும்பியதா என்று பதிவேடு கேட்கும்.

1995இல் கியோத்தோவில் சவாமோட்டோ ருத்தேனியத்தாலும், பிட்ஸ்பர்க்கில் மட்யாஷெவ்ஸ்கி செம்பாலும், தனித்தனியே ஒரே தந்திரத்தைக் கண்டார்கள். வளரும் சங்கிலியின் நுனியில் ஒரு குளோரின் அணு. உலோகம் அதைப் பிடுங்கினால் சங்கிலி விழித்து வளரும். திருப்பி வைத்தால் தூங்கும். அதனால் எல்லாச் சங்கிலியும் ஏறக்குறைய ஒரே நீளம். அபாரம்தான், மறுக்கவில்லை. கியோத்தோவில் 60 டிகிரியே போதுமாக இருந்தது. பிட்ஸ்பர்க்கில் ஸ்டைரீனுக்கு 130 டிகிரி.

ஆனால் அந்தச் செம்பு முறையில் சங்கிலிக்கு ஓர் அணு வீதம் செம்பு கொட்டினார்கள். பாலிமரில் நிறம் ஏறும், பிறகு அலுமினா வழியே வடிகட்ட வேண்டும். உடம்புக்குள் வைக்கிற பொருளுக்கு இது சில்லறை விஷயமா?

2006இல் மட்யாஷெவ்ஸ்கி குழுவே குளுக்கோஸ் போன்ற ஒடுக்கியைச் சேர்த்தது (டாக்டர் நமக்கு வேண்டாமென்கிற அதே குளுக்கோஸ்!). ஓய்ந்துபோன செம்பை அது மறுபடி மறுபடி வேலைக்கு இழுத்தது. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு செம்பே போதுமென்றானது. என்னைக் கேட்டால் சாதனை அதுதான். சூடு குறைந்தது இரண்டாம் பட்சம். வெப்பநிலையைத் தலைப்பில் போடுகிறவர்கள், மிச்ச உலோகம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போடட்டும்.