கோரிக்கை மனு: சைக்கிள் கற்றுக்கொடுத்த மாவட்டத்தில் சைக்கிளுக்குச் சாலை வேண்டும்

அனுப்புநர்
சைக்கிளில் வேலைக்கும் சந்தைக்கும் செல்லும் மகளிர் சங்கத்தினர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர்,
புதுக்கோட்டை.

பொருள்: மாவட்டச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாப்பு, பள்ளி மாணவியர் மிதிவண்டிகள், பேருந்து நிறுத்தங்களில் நிறுத்துமிடம், விபத்து இழப்பீடு, மகளிர் பயிற்சி ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

பால் ஊற்றுகிறவர்கள், பூ கட்டி விற்கிறவர்கள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள் சேர்ந்ததுதான் எங்கள் சங்கம். எங்களில் மூத்தவர்கள் அறிவொளிக் காலத்தில் சைக்கிள் பழகியவர்கள். இளையவர்கள் அரசு கொடுத்த பள்ளிக்கூட சைக்கிளில் பழகியவர்கள். இந்த இரண்டு தலைமுறையும் ஒரே சாலையில் ஓட்டி, ஒரே பயத்தை அனுபவிப்பதால் இந்த மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம்.

தங்கள் அலுவலகத்துக்கும் எங்கள் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு. 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிளையும் ஒரு பாடமாகச் சேர்த்தவர் அவர். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளில் கடன் கிடைக்கச் செய்தார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பொறுப்புப் பிரித்துக் கொடுத்தார். 1992 உலக மகளிர் தினத்தன்று புதுக்கோட்டையில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் சுமார் 70,000 பேர் ஊர் கூடிய இடங்களில் நடந்த போட்டிகளில் ஓட்டிக்காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து பார்த்து எழுதியது பிறகு அவருடைய நூலிலும் இடம்பெற்று, புதுக்கோட்டையின் பெயரை வெளிநாடுவரை கொண்டுபோனது.

அன்று லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பலர் பழகினோம். சேலையைச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டு, பிறகு பார் மேல் கால் வீசி ஏறினோம். பழகியபின் அந்தச் சைக்கிளே தோதாகவும் இருந்தது. முன்னால் பாரில் பிள்ளை, பின்னால் கேரியரில் மூட்டை, ஹேண்டிலில் குடம் என்று ஒரே நடையில் எல்லாம் முடிந்தது. கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் பக்கத்தில் நின்றதால் அந்தக் கேலி சீக்கிரமே ஓய்ந்தது. இன்று எங்கள் பேத்திகள் சைக்கிள் ஓட்டுவதை யாரும் கேலி பேசுவதில்லை. லாரிக்கும் பேருந்துக்கும் பயந்து வீட்டில்தான் தடுக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இது அரசு தீர்க்க வேண்டிய விஷயமாகிறது.

எங்கள் முதல் கோரிக்கை சாலையின் ஓரத்தைப் பற்றியது. எங்களுக்குச் சாலை என்பது இடது பக்கத்து ஒன்றரை முழ அகலம்தான். ஒவ்வொரு முறை புதுத் தார் போடும்போதும் நடுச்சாலை உயர்கிறது, ஓரத்து மண் இருந்த மட்டத்திலேயே கிடக்கிறது. பல இடங்களில் அது ஒரு சாண் பள்ளம். பின்னால் ஏர்ஹாரன் கேட்டதும் கேரியரின் இரு பக்கமும் பால் கேன் தொங்கவிட்டிருக்கும் பெண் சட்டென்று மண்ணில் இறங்கியாக வேண்டும். இறங்குவதைவிட மேலே ஏறுவதில்தான் ஆபத்து. முன்சக்கரம் தார் விளிம்பில் உரசி வழுக்கும், கேனின் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும், ஆள் சாலைக்குள் விழுவாள். பின்னால் வரும் வண்டி பிரேக் போட்டு நின்றால்தான் உயிர் தப்பும். இப்படி விழுந்தவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். இது ஓட்டத் தெரியாததால் வந்த விபத்து என்று எழுதப்படுவது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆகவே தார் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஓரத்து மண்ணைத் தார் மட்டத்துக்கு உயர்த்திக் கெட்டிப்படுத்துவதையும் ஒரு வேலையாகச் சேர்க்க வேண்டும். அந்த வேலை முடிந்ததை நேரில் பார்த்த பிறகே இறுதித் தொகை வழங்க வேண்டும். திருச்சி, தஞ்சாவூர், அறந்தாங்கி, திருமயம் சாலைகள் நகரத்துக்குள் நுழையும் பகுதிகளிலும், மேல்நிலைப் பள்ளிகளைச் சுற்றிலும், மிதிவண்டிக்குத் தனித் தடம் அமைக்க மதிப்பீடு தயாரிக்க வேண்டும். இந்தியன் ரோடு காங்கிரஸ் மிதிவண்டித் தடங்களுக்கென்றே தனி வழிகாட்டி நெறி வெளியிட்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் திட்ட வரைபடங்களில் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். தடம் அமைத்தபின் அதில் கார் நிறுத்தாமலும் கடை பரப்பாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் பெயர் குறித்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்திலேயே தடம் வண்டி நிறுத்துமிடமாகிவிடும்.

இதனோடு சேர்ந்த சிறிய வேலைகள் இரண்டு உண்டு. வேகத்தைக் குறைக்க வரிசையாகப் போடும் வெள்ளைப் பட்டைகள் சாலையின் கடைசி விளிம்புவரை போடப்படுகின்றன. முட்டையும் பாலும் ஏற்றிய சைக்கிள் அதில் ஏறி இறங்கினால் அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு போய்விடும். அதைத் தவிர்க்க மண்ணில் இறங்கினால் மேலே சொன்ன பள்ளம் காத்திருக்கிறது. ஓரத்தில் ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் போதும், காரின் வேகமும் குறையும், நாங்களும் பிழைப்போம். அடுத்தது சீமைக் கருவேல முள். இரு பக்கமும் சாலைக்குள் சாய்ந்து வளர்ந்து, எங்களை நடுச்சாலைக்குத் தள்ளுகிறது, டியூபையும் கிழிக்கிறது. பள்ளி திறக்கும் முன் ஒருமுறையும் மழைக்காலம் முடிந்தபின் ஒருமுறையும் ஓரங்களை வெட்டிச் சுத்தம் செய்ய ஊராட்சிகளுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இரண்டாவது, பள்ளிக்கூட சைக்கிள்கள். தமிழ்நாடு அரசு 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய திட்டம் 2005-06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இந்தத் திட்டத்தின் அருமை எங்களைப் போல யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் பிளஸ் டூ முடித்திருக்கிறார்கள் என்றால் பாதிக் காரணம் அந்தச் சைக்கிள். அதை இன்னும் பலப்படுத்தவே கேட்கிறோம்.

இந்தத் திட்டத்தில் சைக்கிளைப் பதினோராம் வகுப்பில் கொடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. பத்தாம் வகுப்போடு ஊர்ப் பள்ளி முடிந்து, அடுத்த ஊருக்குப் போக வேண்டிய கட்டம் அது. ஆனால் எட்டாம் வகுப்புவரை மட்டுமே பள்ளி உள்ள ஊர்ப் பிள்ளைகள் ஒன்பதிலேயே அந்தக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் 32 விழுக்காடு கூடியதையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். எங்கள் மாவட்டத்தில் அத்தகைய ஊர்கள் எவை என்று கல்வித் துறை கணக்கெடுத்து, அவ்வூர் மாணவியருக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சைக்கிள் தர அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

சைக்கிள்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும். ஆண்டு பாதி கடந்தபின் வரும் சைக்கிளால் அந்தப் பாதி ஆண்டு நடந்த கால்களுக்கு ஆறுதல் இல்லை. பூட்டிக் கொடுக்கும்போது பிரேக்கையும் ஹேண்டிலையும் சரிபார்த்த பிறகே மாணவியிடம் ஒப்படைக்க வேண்டும். நட்டு தளர்ந்த வண்டியைப் பெற்றுக்கொண்டு, வீடு போய்ச் சேரும் முன் செயின் கழன்று தள்ளிக்கொண்டு போன பிள்ளைகளை நாங்கள் வழியில் பார்த்திருக்கிறோம். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டியபின் திரும்பும் மாணவியருக்காகப் பின்பக்க ஒளிரும் வில்லையும் பள்ளி வழியில் தெருவிளக்கும் கேட்கிறோம். இலவச சைக்கிளைச் சிலர் விற்றுவிடுகிறார்கள் என்று அடிக்கடி குறை சொல்லப்படுகிறது. ஓட்டிப்போகத் துணிவு வராத சாலை இருக்கும் ஊரில் சைக்கிள் திண்ணையில்தான் நிற்கும். திண்ணையில் நிற்பது ஒருநாள் விற்பனைக்கும் போகும்.

மேற்கு வங்கத்தில் நடந்ததைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். 2015-இல் அதே மாநில அரசு ‘சபுஜ் சாத்தி’ என்ற பெயரில் மாணவர்களுக்கு சைக்கிள் வழங்கத் தொடங்கியது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை தடுத்த நிலை அது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், மோட்டார் இல்லாத வண்டிகளும் நடந்து செல்வோரும் சாலையைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த விதி வந்தாலும் அது சைக்கிளைச் சாலையிலிருந்து விலக்குவதாக அமையக்கூடாது என்ற எங்கள் கருத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த வேலைகளுக்கு நாடு முழுவதும் 2 கோடியே 60 லட்சம் பேர் சைக்கிளில் போனார்கள். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்களைவிட அது அதிகம். இத்தனை பேரை இடைஞ்சலாகப் பார்ப்பது தகாது.

மூன்றாவது, பேருந்து நிறுத்தங்கள். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது எங்கள் செலவில் பெரிய சுமையை இறக்கியிருக்கிறது. ஆனால் பல குக்கிராமங்களுக்குள் பேருந்து வருவதில்லை, மெயின் ரோட்டில்தான் நிற்கும். வீட்டிலிருந்து அதுவரை சைக்கிளில் வந்துவிடலாம், அதன்பின் சைக்கிளை எங்கே விடுவது? மரத்தடியில் பூட்டிவிட்டுப் போனால் மாலையில் சீட் இருக்காது, சில நாள் சைக்கிளே இருக்காது. முக்கிய நிறுத்தங்களில் தகரக் கூரையும், சங்கிலி கோத்துப் பூட்ட இரும்புக் கம்பியும் அமைத்துத் தர வேண்டும். ஊராட்சி நிதியில் செய்யக்கூடிய வேலைதான் இது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் கூடம் 2019-இல் முழுமையடைந்தது. ரயிலையும் சைக்கிளையும் ஒரே பயணமாக அவர்கள் நினைத்ததால் வந்தது அந்தக் கூடம். எங்களுக்கு ஒரு நிறுத்தத்தில் இருபது சைக்கிளுக்கு இடம் போதும். பேருந்து நிலையம், உழவர் சந்தை, வாரச் சந்தை, அரசு மருத்துவமனை ஆகிய இடங்களின் வண்டி நிறுத்த ஏலங்களில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

அதே நெதர்லாந்தும் ஒரு காலத்தில் காருக்கே சாலை என்று இருந்த நாடுதான். 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி, பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று போராடிய பிறகுதான் தனித் தடங்கள் பெருகின. அத்தனை உயிர் போகும்வரை நாம் காத்திருக்கக்கூடாது.

நான்காவது கோரிக்கையைத் தாங்களே நேரடியாக நிறைவேற்ற முடியும். மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டியால் உயிரிழந்தால் 2 லட்சம் ரூபாயும், பலத்த காயம் அடைந்தால் 50,000 ரூபாயும் தரும் மத்திய அரசுத் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. விசாரிக்க வேண்டியவர் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர். தீர்வு ஆணையர் மாவட்ட ஆட்சியரே. விடியற்காலையில் சைக்கிளில் போய் அடிபட்டுக் கிடப்பவர்களுக்கு, மோதிய வண்டியின் எண்ணைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. அவர்களுக்கென்றே வந்த இந்தத் திட்டம் அவர்கள் வீட்டுக்கு எட்டவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இதை இந்த மனு எழுதும்போதுதான் கேள்விப்பட்டார்கள். முதல் தகவல் அறிக்கை பதியும்போதே குடும்பத்தாரிடம் விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கொடுக்கவும், கிராம நிர்வாக அலுவலர்கள் உடனிருந்து நிரப்பிக் கொடுக்கவும் ஆணையிட வேண்டும். சாலைப் பாதுகாப்புக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் மிதிவண்டி விபத்துகளை இடம் வாரியாகத் தனியே பிரித்து வைக்கவும், அக்குழுவில் எங்கள் சங்கத்துக்கு ஓர் இடம் அளிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்தாவது, மகளிர் பயிற்சி. இன்னும் சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக மாலை நேரப் பயிற்சி நடத்த மைதானமும் பழகுவதற்கு சில சைக்கிள்களும் கொடுத்தால், கற்றுக்கொடுக்க எங்கள் மூத்த உறுப்பினர்கள் கூலி கேட்காமல் வருவார்கள். பஞ்சர் கடைகளும் குறைந்துவருவதால் பெண்களுக்குப் பழுதுபார்க்கும் பயிற்சியும் கருவிப்பெட்டிக்குக் கடனும் வேண்டும்.

ஜூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018-இல் அறிவித்தது. அந்த நாளுக்கு முன்பாக, நெடுஞ்சாலை, கல்வி, காவல், ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களோடு எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தர வேண்டுகிறோம். அதற்கு முன் ஒரு காலையில், பால் வண்டிகள் கிளம்பும் நேரத்தில், அலுவலர் ஒருவரை எங்களோடு ஏதேனும் ஒரு சாலையில் சைக்கிளில் வர அனுமதித்தால், விளிம்புப் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: புதுக்கோட்டை

இணைப்பு: உறுப்பினர்கள் கையொப்பமும் கைநாட்டும் இட்ட தாள்கள், சாலை விளிம்புப் பள்ளங்களின் புகைப்படங்கள்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், முதன்மைக் கல்வி அலுவலர், மகளிர் திட்ட இயக்குநர்.