கருவி பொதுதான், கதவு?

அரசுக் கல்லூரியில் உயிர்வேதியியல் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, புரத மாதிரிகளைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடைத்துக்கொண்டு, இரவுப் பேருந்தில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்துக்குப் போனேன். எங்கள் கல்லூரியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கிடையாது. முன்பதிவு செய்து கட்டணமும் கட்டியிருந்தேன். கருவியை இயக்குபவர் முதலில் கேட்டது மாதிரியைப் பற்றியல்ல. "கைடு யாரு? எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" பதில் சொன்னேன். சிறிது நேரத்தில், உள் மாணவர் ஒருவருக்கு அவசரம் என்று என்னுடைய நேரம் மாலைக்குத் தள்ளப்பட்டது. அதற்குள் ஐஸ் உருகிவிட்டது. மூன்று மாத உழைப்பு போயிற்று.

பொதுப்பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகளை எல்லோரும் பதிவு செய்து பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2020 சனவரியில் ஐ-ஸ்டெம் இணையதளத்தைத் தொடங்கியது. 2022இல் கருவிப் பகிர்வுக்கென்றே வழிகாட்டு நெறிகள் வந்தன. அவற்றின் சுருக்கப் பெயர் 'ஸ்ரீமான்'. (யாருக்குத்தான் தோன்றியதோ!) நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. கோடிக்கணக்கில் வாங்கிய கருவி ஒரு பேராசிரியரின் பூர்வீகச் சொத்துபோலப் பூட்டிக் கிடப்பதைவிட இது மேல்.

ஆனால் தோழர்களே, பம்பாய் சட்டமன்றம் 1923லேயே பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் அதை ஏற்றது. அப்படியிருந்தும், 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டுபோய் அள்ளிக் குடிக்கும்வரை சவதார் குளத்துத் தண்ணீர் தீண்டப்படாதோருக்குக் கிடைக்கவில்லை. குடித்தவர்களுக்கு அன்றே அடியும் விழுந்தது. இணையதளம் என்பது தீர்மானம் மட்டுமே. குளக்கரையில் நிற்பது யார் என்பதுதான் கேள்வி.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்கான 2019 சட்டம், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையம், மானேசர் தேசிய மூளை ஆய்வு மையம் போன்றவற்றுக்கு விலக்கு அளித்திருக்கிறது. உயிர் அறிவியலின் விலையுயர்ந்த கருவிகள் பலவும் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கின்றன. நம்மவர்கள் ஆசிரியராக நுழைய இடஒதுக்கீடு இல்லாத வளாகத்தில், நம் பிள்ளைகள் விருந்தாளியாக வந்து கருவியைத் தொட வேண்டுமாம்.

அரசுக் கல்லூரிகளுக்கென்று கருவி நேரத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்குக் கட்டணத்தை நீக்கி, பயணச் செலவையும் கொடுங்கள். கருவியை இயக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மாதிரியைக் கொடுத்துவிட்டு வாசலில் உட்காருவது ஆய்வுப் பயிற்சியல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பயன்பாட்டுப் பதிவேடு இருக்கிறதே, அதை வெளியிடுங்கள். யார் பதிவு செய்தார்கள், எந்தக் கல்லூரி, எந்தச் சமூகப் பிரிவு, யாருடைய நேரம் யாருக்காகத் தள்ளிவைக்கப்பட்டது? ஓராண்டுக் கணக்கையாவது காட்டுங்கள்.