கணிப்பொறி காட்டிய திருடன்

வெற்றிலையில் மை தடவி, 'இதோ திருடன் முகம் தெரிகிறது' என்று சொல்லி, ஊரிலுள்ள எவனோ ஓர் ஏழையைக் கைகாட்டிவிடும் மைக்காரனை அறிவுடையோர் நம்புவதில்லை. அதே வேலையைக் கணிப்பொறி செய்தால் மட்டும் அதற்கு அறிவியல் என்று பெயர்! காவல்துறையும் வாய்பொத்தி நின்று கேட்டுக்கொள்கிறது!

இக் குருட்டு நம்பிக்கையின் விளைவை அமெரிக்காவின் தெட்ராயிட்டு நகரம் உலகிற்குக் காட்டியது. 2018இல் அந்நகரக் கடை ஒன்றில் 3,800 தாலர் மதிப்புள்ள கைம்மணிப்பொறிகள் களவு போயின. கடையின் கண்காணிப்புக் கருவியில் பதிந்திருந்ததோ தொப்பி அணிந்த ஓர் ஆளின் மங்கலான உருவம். அதைக் கணிப்பொறியில் இட்டுத் தேடினர். ஒரு கருப்பினத்தவரின் பழைய ஓட்டுநர் உரிமத்துப் படத்தை அது எடுத்து நீட்டிற்று. 2020 சனவரியில், மனைவியும் சிறுமியர் இருவரும் பார்த்து நிற்க, வீட்டு வாயிலிலேயே அவர்க்கு விலங்கு பூட்டினர். ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்தனர். உசாவலின்போது அவர் திருடனின் படத்தைத் தம் முகத்தருகே பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அதன் பின்னரே, கணிப்பொறி தவறிவிட்டது போலும் என்றனராம் அலுவலர்கள். அதுவரை அவர்கள் கண்கள் எங்குப் போயிருந்தன?

சான்றாளர் ஒருவர் இருந்தாரே என்பர். இருந்தார்; ஆனால் அவர் களவைக் கண்ணால் கண்டவரல்லர். கடையின் காப்புப் பணிக்கு அமர்த்தப்பட்ட அவர், பதிவான படத்தை மட்டுமே பார்த்தவர். அவர்முன் ஆறு படங்களைப் பரப்பி 'இவருள் எவர்?' என்றனர். கேடு முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எண்ணற்ற முகங்களைத் துழாவி, திருடனின் சாயல் மிகுந்த முகத்தைக் கணிப்பொறி பொறுக்கி எடுக்கிறது. அதனைத் தொடர்பற்ற ஐந்து முகங்களோடு கலந்து வைத்தால், பார்ப்பவர் கை அதன்மேல் போகாமல் வேறெதன்மேல் போகும்? கணிப்பொறியின் ஊகமே சான்றாளர் வாய்வழியாக மீண்டும் வருகிறது. அதைக் காவல்துறை இரண்டாம் சான்று என எண்ணிக் கணக்கில் வைக்கிறது!

இவ்வளவு நடந்த பின்னும் அந்நகரக் காவல்துறை திருந்தியதா? 2023 பிப்பிரவரியில் எட்டுத் திங்கள் நிறைசூலி ஒருவரை வழிப்பறிக் குற்றஞ் சாட்டிப் பிடித்துச் சென்றது. அங்கும் தொடக்கம் கணிப்பொறிதான். அவ்வழக்கும் பின்னர்க் கைவிடப்பட்டது.

கருவியின் தரம் இவர்கட்குத் தெரியாததன்று. மென்பொருளை மட்டுமே நம்பினால் 100க்கு 96 முறை தவறான ஆளையே காட்டும் என்று 2020இல் சொன்னவர் அந்நகரக் காவல்துறைத் தலைவரேதாம். அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் 189 மென்பொருள்களை ஆய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையோ, அவற்றுட் பல, வெள்ளையர் முகங்களைவிடக் கருப்பினத்தவர், ஆசியர் முகங்களில் 10 முதல் 100 மடங்குவரை மிகுதியாக ஆள்மாறாட்டம் செய்வதைக் கண்டது. கருத்த முகம் என்றால் கருவிக்கும் இளக்காரம்!

கருத்த முகம் நமக்கும் உண்டு. கருவியும் இங்கு வந்துவிட்டது. காணாமற்போன குழந்தைகளைத் தேடத் தில்லிக் காவல்துறை அமர்த்திய கருவி 100க்கு 2 அளவே சரியாகக் காட்டியது என்பது 2018இல் உயர்முறை மன்றத்திலேயே வெளிப்பட்டது. அத்துறையோ, 80 விழுக்காடு ஒத்திருந்தால் ஆள் அவனே எனக் கொள்வதாக 2022இல் விடையளித்தது. தமிழ்நாட்டுக் காவல்துறை 2021இல் தனக்கென ஒரு முகங்காண் முறையைத் தொடங்கி, இலக்கக் கணக்கான முகங்களை அதனுள் அடுக்கி வைத்திருக்கிறது. 2024 மே திங்களில் கடவுச்சொல்லைக் கைப்பற்றி அதனுள்ளேயே வெளியார் புகுந்தனர். திருடனைக் காட்ட வந்த கருவிக்குத் தன் வீட்டில் நுழைந்த திருடன் தெரியவில்லை!

உடலின் அடையாளத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு மக்களை முன்கூட்டியே குற்றவாளியாக்கும் கொடுமை இம்மண்ணுக்குப் புதிதன்று. வெள்ளையன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து பிறமலைக் கள்ளர் மக்களின் விரற்பதிவைக் கேட்டான். பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்பிரல் 3 அன்று 16 பேரைச் சுட்டு வீழ்த்தினான். அன்று பதிவெடுக்க ஒருவன் கையைப் பிடிக்கவேண்டும். கையை உதறவேனும் முடிந்தது. இன்றோ தெருவில் நடந்தாலே போதும், முகம் பதிவாகிவிடுகிறது. உதறுவது எப்படி?

தெட்ராயிட்டு 2024இல் 3,00,000 தாலர் இழப்பீடு கொடுத்தது. கணிப்பொறி காட்டியதையும், அதையொட்டிப் படவரிசையில் ஒருவர் சுட்டியதையும் மட்டுமே கொண்டு எவரையும் தளைசெய்வதில்லை என்று எழுத்தில் உறுதி தந்தது. இந்தியாவில் இக்கருவிக்கெனத் தனிச்சட்டம் ஏதுமில்லை. தில்லி இயற்றட்டும் எனக் காத்திராமல், அவ்வுறுதியைத் தமிழ்நாட்டரசு தன் காவல்துறைக்கு ஆணையாக இடட்டும். எந்த வழக்கிலேனும் கணிப்பொறி ஆளைக் காட்டியிருந்தால், அதனைப் பிடிபட்டவர்க்கும் அவர்தம் வழக்கறிஞர்க்கும் முதல் நாளே தெரிவிக்கவும் செய்யட்டும்.